எந்தப் புளிப்பில் எது வாழும்

துணி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் கயிறாக முறுக்கிக்கொண்டு, வெந்நீரில் நனைந்து, மேலே ஏறி, பின்பக்கம் போய் விழுந்து, திரும்பவும் அதே துணி, அதே தையல் முடிச்சு. முடிச்சு கண்ணில் பட்டால் ஒரு சுற்று முடிந்தது என்று அர்த்தம். சென்னியப்பன் முடிச்சுக்காகத்தான் அங்கே நின்றான், முடிச்சும் வந்தது, அவன் பார்த்தும் பார்க்காமல் விட்டுவிட்டான். கண் திருப்பூர்ச் சாயப்பட்டறையில் இருந்தது, மனசு கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்தது. நாளைக் காலையில் மனைவி கருணாம்பிகையைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்ச் சேர வேண்டும். அவளுக்கு மாற்றுத் துணி, ஒரு பிளாஸ்க், ஒரு போர்வை, கூட இருக்கிறவனுக்கு ஒரு பாய். பாயை எடுத்து வைக்கச் சொன்னோமா, இல்லையா? சொன்ன மாதிரியும் இருந்தது, சொல்லாத மாதிரியும் இருந்தது. டாக்டர் சொன்னது மட்டும் ஒரு எழுத்து பிசகாமல் காதில் நின்றது. "மருந்து ஒழுங்காப் போகுது, அப்படியும் எடை எறங்கிட்டே இருக்குதுன்னா உள்ளே வேற ஏதோ இருக்கலாம். அட்மிட் பண்ணி, ஊசி விட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்துரலாம்." வேற ஏதோ. அந்த வேற ஏதோவுக்கு ஒரு பெயர் உண்டு என்று டாக்டருக்குத் தெரியும், இவனுக்கும் தெரியும், பக்கத்து நாற்காலியில் சேலைத் தலைப்பின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்த கருணாம்பிகைக்கும் தெரியும். மூன்று பேரும் அந்தப் பெயரை மரியாதையாகத் தொடாமல் விட்டுவிட்டார்கள்.

மெஷினுக்குள் இருந்து அசிட்டிக் ஆசிட்டின் வாடை கசிந்தது. ஊறுகாய் ஜாடியைத் திறந்தால் மூக்கில் ஏறுமே, அந்த மாதிரி. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சென்னியப்பனுக்கு அது பசி வாடை மாதிரி பழகிவிட்டது. இந்தப் பட்டறையில் அவன் வேலை பையோ வாஷ். பனியன் துணி நெய்து வரும்போது அதன் மேலெல்லாம் பூனை முடி மாதிரி பஞ்சு மயிர் நிற்கும். அதை அப்படியே சாயம் போட்டுச் சட்டை தைத்தால் நாலு துவைப்பில் உருண்டை உருண்டையாகத் திரண்டு பார்க்கவே சகிக்காது. அதற்கு என்சைம் என்று ஒன்று உண்டு. டீத்தண்ணி நிறத்தில் கேனில் வரும். வெந்நீரில் விட்டால் போதும், துணியைத் தொடாமல் மேலே நிற்கிற மயிரை மட்டும் மேய்ந்துவிடும். கத்தியா, பிளேடா, ஒன்றும் கிடையாது. எப்படி மேய்கிறது, வாய் எங்கே, பல் எங்கே என்று அவன் எத்தனையோ மத்தியானம் இந்தச் சன்னலில் முகத்தை வைத்துப் பார்த்திருக்கிறான். தண்ணீர்தான் தெரியும். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு, அதை அவன் நன்றாக அறிவான்: புளிப்பு வேண்டும். அசிட்டிக் விட்டுத் தண்ணீரைப் புளிக்கவைத்தால்தான் அது கண்ணையே திறக்கும். வேலை முடிந்ததும் சலவைச் சோடாவைக் கொட்டிச் சூட்டை ஏற்றினால் செத்துவிடும். பட்டறையில் அப்படித்தான் சொல்வார்கள், "என்சைமக் கொன்னாச்சா?" என்று. கொல்லாமல் விட்டால் மயிரோடு நிற்காது, துணியையும் மேய ஆரம்பித்துவிடும். இன்றைக்கு அந்தக் கொன்னாச்சா ஏனோ காதில் இடறியது. அட, இத்தனை வருஷம் வாயில் புழங்கிய வார்த்தை, இப்போது மட்டும் என்ன?

அதனால்தான் டாக்டர் முதல் தடவை, "உங்க வீட்டம்மாவுக்குக் கணையம் வேலை செய்யலைங்க, என்சைம் சுரக்கலை, அதை நாம வெளியிலிருந்து குடுக்கணும்" என்று சொன்னபோது சென்னியப்பன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். வெளியூர் பஸ் ஸ்டாண்டில் யாரோ நம் ஊர்ப் பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்ப்போமே, அப்படி ஒரு திரும்பல். என்சைமா! அது நம்ம சரக்கு அல்லவா! கருணாம்பிகை பயந்துபோய் இருந்தாள், இவன் அவள் கையை அழுத்தி, "இதுக்குப் போயி மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு, இது எனக்குத் தெரிஞ்சதுதான் அம்மிணி" என்றான். கெட்டிக்காரன்தான், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். கேப்சூல் பெரிது, அவளுக்கு மாத்திரை என்றாலே தொண்டை மூடிக்கொள்ளும், கண்ணில் தண்ணீர் வரும். முழுங்க முடியலைன்னா திறந்து போட்டுக்கலாம், ஆனா மென்னுராதீங்க என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். திறந்தான். உள்ளே கசகசா மாதிரி குட்டிக் குட்டி மணிகள். என்ன அழகு! ஒவ்வொன்றும் ஒரே அளவு. ஆனால் பட்டறைப் புத்தி சும்மா இருக்குமா? என்சைமைக் கட்டியாகத் தொட்டியில் போடுகிறவன் வேலைக்காரனே இல்லை. கரைக்க வேண்டும், வடிகட்ட வேண்டும், அப்போதுதான் எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி போகும், இல்லாவிட்டால் துணி திட்டுத் திட்டாக வரும். அவன் இரண்டு கரண்டியின் நடுவில் அந்த மணிகளை வைத்து மாவாக நுணுக்கினான். வெதுவெதுப்பான பாலில் கலக்கினான். மூன்று வேளையும் அவன் கையாலேயே. மத்தியானத்துக்கு மட்டும் காலையிலேயே நுணுக்கிக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டு வருவான். அதோடு விட்டானா? வெறும் வயிற்றில் போட ஒரு சின்ன மாத்திரை இருந்தது. எதுக்குங்க இது என்று மருந்துக் கடையில் கேட்டதற்கு, வயித்துல ஆசிடக் குறைக்கறதுக்கு என்றான் கடைக்காரன். ஆசிடைக் குறைப்பதா? என்சைமைக் கொடுத்துவிட்டு ஆசிடையும் குறைத்தால் அது எப்படி வேலை செய்யும்? ஒரு கையால் விட்டு மறு கையால் கொல்கிற கதை அல்லவா? டாக்டரிடம் எதிர்த்துப் பேசுகிற பழக்கம் அவனுக்கு இல்லை. பேசாமல் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டான். அது போதாதென்று சாப்பாட்டுக்கு முன்னால் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கொடுத்தான்.

ஒரு நாள் அவள் வாந்தி எடுத்தபோது பட்டறையிலிருந்து கொண்டுபோன பி.எச். பேப்பரைத் தொட்டுப் பார்த்தான். மஞ்சள் காகிதம், புளிப்பு பட்டால் சிவக்கும், சோடா பட்டால் நீலமாகும், இரண்டும் இல்லாவிட்டால் பச்சையில் நிற்கும். காகிதம் ரத்தச் சிவப்பாகச் சிவந்தது. வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு அவள் நடுங்கினாள், இவன் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாத்தியா, எவ்வளவு நல்லாப் புளிச்சிருக்குது!" என்று சந்தோஷப்பட்டான். அவள் வாயைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "நீங்க எங்கிட்டயும் டெஸ்டு பண்ண ஆரம்பிச்சுட்டீங்களா" என்றாள். அந்தச் சிரிப்பு. கன்னத்தில் எலும்பு தெரிய, அப்படியும் சிரித்தாள். கல்யாணமான புதிதில் அவள் சாப்பிடுவதைப் பார்க்க ஒரு கூட்டமே வரும் என்று இவன் கேலி செய்வான். அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய்யைக் குளம் கட்டி, அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, பேச்சு மூச்சில்லாமல் சாப்பிடுவாள். மாமியார் வீட்டில் புதுப்பெண் அப்படிச் சாப்பிடக்கூடாது என்று யாரோ சொன்னதற்கு, சமைச்சவங்களுக்கு அதுதானே மரியாதை என்று கேட்டவள். இப்போது நெய் வாசம் பட்டாலே பயப்படுகிறாள். சாப்பிட்டது அப்படியே எண்ணெயாக வெளியே போகிறது, தண்ணீர் மேல் மிதக்கிறது, எத்தனை ஊற்றினாலும் போகாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. விடியும் முன் எழுந்து, யாரும் பார்க்காமல் பக்கெட் பக்கெட்டாக அடித்து ஊற்றுவாள். அந்தச் சத்தம் கேட்டும் கேட்காத மாதிரி இவன் படுத்துக் கிடப்பான். எழுந்து போய் நான் ஊத்தறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளுக்கு வெட்கமாக இருக்கும் என்று சொல்லவில்லை. வளையல் முழங்கை வரைக்கும் போய் நின்றது, அதற்கு நூல் சுற்றினாள். பிறகு நூலும் பத்தவில்லை. கழுத்துப் பக்கம் குழி. தூங்கும்போது அந்தக் குழி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பான், இறங்கியது ஏறுகிற வரைக்கும் இவனுக்கு மூச்சு நிற்கும்.

முடிச்சு வந்தது. அட, பாதி நேரம் தாண்டிவிட்டது. கையுறையை மாட்டி, மெஷினை நிறுத்தி, மூடியைத் திறந்து, துணியை இழுத்துக் கத்தரிக்கோலால் ஒரு துண்டு வெட்டிப் பிழிந்தான். விரல் மேல் போர்த்தி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான். இந்த நேரத்துக்கு ஓரம் வழுவழு என்று இருக்க வேண்டும். மயிர் நின்றது. போட்டபோது எப்படி நின்றதோ அப்படியே, ஒன்றுகூடக் குறையாமல். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தான். நின்றது. இது என்ன கூத்து? சூடு சரியாக இருந்தது. தண்ணீரில் பேப்பரை முக்கினான், ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் நடுவில் நின்றது, எப்போதும் நிற்கிற இடம். மருந்து விட்டாச்சு, கரைத்து வடிகட்டித்தான் விட்டது. எல்லாம் ஒழுங்கு, அப்படியும் வேலை நடக்கவில்லை. எல்லாம் ஒழுங்கு, அப்படியும். இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது, எங்கே என்று தெரிந்ததும் துண்டைக் கீழே வைத்தான். மருந்து ஒழுங்காப் போகுது, அப்படியும் எடை எறங்குதுன்னா. ச்சே, அது வேறு, இது வேறு. துணியும் பெண்டாட்டியும் ஒன்றா? ஆனாலும் ஒரு விஷயம் ஏன் நடக்கவில்லை என்று தெரியாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அது பிறவிக் குணம். சின்ன வயசில் ரேடியோவுக்குள் பாடுகிறவன் சாப்பாட்டுக்கு என்ன செய்வான் என்று பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்து அடி வாங்கியவன்.

லேபில் வேலை பார்க்கிற ரெஜினாவைப் போனில் கூப்பிட்டான். அந்தப் பெண் வெள்ளைக் கோட்டோடு வந்து, துண்டைத் தடவிப் பார்த்து, மெஷினைப் பார்த்து, பிறகு சுவரோரம் இருந்த கேனைப் பார்த்தாள். "ஏனுங்ணா, இந்தக் கேன்லருந்தா விட்டீங்க?" என்றாள். "வேற எதுல விடுவாங்க? எப்பவும் வர்ற நீலக் கேன்தான?" என்றான். "கேன் அதேதானுங்ணா, சரக்குத்தான் மாறிருச்சு. இது நியூட்ரல். இதுக்குப் புளிப்பே ஆகாது. நேத்து மீட்டிங்ல சொன்னாங்களே, நீங்க வரலீங்களா?" நேற்று அவன் வரவில்லை. நேற்று ஆஸ்பத்திரியில் அட்மிஷன் சீட்டு வாங்க நின்றிருந்தான். என்சைம் என்றால் புளிப்பு வேண்டும், அவ்வளவுதானே அவனுக்குத் தெரிந்தது? புளிப்பு ஆகாத என்சைம் என்று ஒன்று இருக்குமா? "இருக்குமுங்ணா. ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு எடம். இது தண்ணி பச்சையில நின்னாத்தான் வேலை செய்யும்." "செரி, அப்ப இப்ப சோடா விட்டுப் பச்சைக்குக் கொண்டாந்துரட்டுமா? உள்ள கெடக்கறது எந்திரிச்சுக்குமா?" என்று கேட்டான். ரெஜினா உதட்டைப் பிதுக்கினாள். "இத்தனை நேரம் புளிப்புல கெடந்ததுங்ணா. பெரும்பாலும் செத்திருக்கும். புளிப்பைத் திருப்பி எடுத்தாலும் செத்தது எந்திரிக்காது. தண்ணிய எறக்கிட்டுப் புதுசாப் போடுங்க. துணிக்கு ஒண்ணும் ஆகல, பயப்படாதீங்க."

துணிக்கு ஒண்ணும் ஆகல. தண்ணீர் இறங்கும் குழாயைத் திறந்துவிட்டு அவன் அங்கேயே நின்றான். சாக்கடையில் வெந்நீர் ஆவி பறக்க ஓடியது. அதில் செத்த என்சைம் போய்க்கொண்டிருந்தது, கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, உயிரோடு இருந்தபோதும் இதே தண்ணீர்தான், செத்தபின்னும் இதே தண்ணீர்தான். ஒரு நினைப்பு வந்து வாசலில் நின்றது. அதை உள்ளே விட அவனுக்கு இஷ்டமில்லை. பாயை எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் தரை சில்லென்று இருக்கும். ஈரோட்டில் இருக்கிற மகள் தாரணிக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும், இல்லை வேண்டாம், அவள் அழுவாள். ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு எடம். அப்படியென்றால் வாயில் எது இருக்கும்? கையில் பி.எச். பேப்பர் கட்டு இருந்தது, ஒரு துண்டைக் கிழித்து நாக்கில் வைத்து எடுத்தான். பச்சை. வெளிறிய பச்சை. சோற்றை வெகுநேரம் மென்றுகொண்டே இருந்தால் இனிக்குமே, அப்படியானால் எச்சிலிலும் என்னவோ இருந்து மேய்கிறது, அது பச்சையில் மேய்கிறது. வயிறு சிவப்பு, அதை அவனே அன்றைக்குப் பார்த்தான். பச்சையில் மேய்ந்தது சிவப்பில் போய் விழுந்தால் என்ன ஆகும்? அதற்கும் கீழே, குடலில், என்ன நிறம்? இத்தனை வருஷம் இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தும் அதற்குள் எந்தத் தொட்டியில் என்ன தண்ணீர் என்று தெரியாது. பட்டறையிலாவது மெஷினுக்கு மெஷின் சன்னல் வைத்திருக்கிறான். மனுஷனுக்கு வைக்காமல் விட்டானே!

நினைப்பு உள்ளேயே வந்துவிட்டது. ரெஜினா லேபுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள், இவன் பின்னாலேயே போனான், சும்மா கேட்கிற மாதிரி கேட்டான், "ஏம்மா, மனுசன் வயித்துல இருக்கிற என்சைமு, அது புளிப்பு கேக்கறதா, கேக்காததா?" அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மூன்று வருஷம் காலேஜில் படித்ததை யாரும் இதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது. "ரெண்டும் இருக்குதுங்ணா. வயித்துல பெப்சின்னு ஒண்ணு, அதுக்குச் சரியான புளிப்பு வேணும், உங்க அசிட்டிக்கெல்லாம் அதுக்குப் பத்தவே பத்தாது. ஆனா குடலுக்குக் கணையத்துலருந்து வருது பாருங்க, கொழுப்பக் கரைக்கறது, அது புளிப்புல பட்டாப் போச்சு. அதனால கணையமே கூடச் சேர்த்துச் சோடாவும் விட்டுக்கும், வயித்துலருந்து எறங்கற புளிப்ப அடிக்கறதுக்கு." கணையமே சோடா விடும். கணையமே. கருணாம்பிகைக்கு அந்தச் சோடாவும் கிடையாது. அவன் கேட்டான், "கணையம் கெட்டுப் போனவங்களுக்குக் கேப்சூல்ல குடுக்கறாங்களே, அது வயித்த எப்படித் தாண்டிப் போகும்?" "அதுக்குத்தானுங்ணா மணிமணியா செஞ்சு, ஒவ்வொரு மணிக்கும் மேல ஒரு பூச்சுப் பூசியிருப்பாங்க. அந்தப் பூச்சு புளிப்புல கரையாது. குடலுக்குப் போனப்புறம்தான் கரையும். கூடவே வயித்துப் புளிப்பக் கொறைக்கறதுக்கும் மாத்திரை குடுப்பாங்க." "அந்த மணிய நுணுக்கிட்டா?" ரெஜினா சிரித்தாள். "அதை எதுக்குங்ணா நுணுக்கோணும், நுணுக்கினாப் பூச்சே போயிருமே" என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பை நிறுத்தினாள். அவளுக்கு அவன் வீட்டு விஷயம் அரைகுறையாகத் தெரியும். "அண்ணா" என்று மட்டும் சொன்னாள். அவன் தலையை ஆட்டிவிட்டு மெஷினுக்கு வந்துவிட்டான்.

இரண்டு கரண்டி. அந்த இரண்டு கரண்டிக்கு நடுவில் மணி நொறுங்குகிற சத்தம் அவனுக்கு இப்போது கேட்டது, ரொம்பச் சின்னச் சத்தம், மணலை மிதித்தால் கேட்குமே, அவ்வளவுதான். கசகசா அளவு மணிக்கு எவனோ எங்கேயோ உட்கார்ந்து பூச்சுப் பூசியிருக்கிறான், சிவப்பைத் தாண்டிப் போய்ப் பச்சையில் அவிழும்படி. என்ன மூளை ஐயா அது! அந்த நேரத்திலும் அவனுக்கு அந்த ஆச்சரியம் ஒரு பக்கம் ஓடத்தான் செய்தது, அதற்காகத் தன்னைத் தானே திட்டிக்கொண்டான். அவ்வளவு பாடுபட்டுப் பூசியதை இவன் வேளா வேளைக்கு உட்கார்ந்து உடைத்திருக்கிறான். உடைத்து, பாலில் கரைத்து, எலுமிச்சம்பழமும் பிழிந்து, புளிப்பைக் குறைக்கிற மாத்திரையையும் நிறுத்தி, அம்மணமாகச் சிவப்புத் தொட்டிக்குள் தள்ளியிருக்கிறான். ஒரு தடவையாவது அது குடல் வரைக்கும் உயிரோடு போயிருக்குமா? "மருந்தெல்லாம் ஒழுங்காக் குடுக்கறீங்களா?" என்று டாக்டர் கேட்டார், ஒவ்வொரு தடவையும் கேட்டார். "என் கையாலயே குடுக்கறனுங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். அதை நம்பித்தானே அவர் உள்ளே வேற ஏதோ என்றார்? அப்படியானால். இந்த இடத்தில் நினைப்பு ஒரு கணம் மூச்சுப் பிடித்து நின்றது, துணி சிக்கிக்கொண்டால் மெஷின் நிற்குமே அப்படி நின்றது. அப்படியானால் வேற ஏதோ இல்லை. மருந்து வேலை செய்யாமல் இளைத்தவள் இல்லை அவள், மருந்தே போகாமல் இளைத்தவள். வெறும் பட்டினியில் இளைத்த மாதிரி. சாப்பாட்டைத் தட்டு நிறையப் போட்டுக் கூடவே கொன்னவன் நான்தான். நான்தானா? ஆமாம், நானாகவே இருக்கட்டும். சாமி, தப்பு என் மேலேயே இருக்கட்டும். வாழ்க்கையில் அவன் எத்தனையோ பழியைத் தட்டிக் கழித்திருக்கிறான், சாயம் திட்டு விழுந்தால் தண்ணீரைச் சொல்வான், தண்ணீர் சரியாக இருந்தால் நூலைச் சொல்வான். இந்த ஒரு பழியை மட்டும் யாரும் தன்னிடமிருந்து பிடுங்கிவிடக் கூடாதே என்று பதறினான். நாளைக்கு டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அதனால மட்டும் இல்லைங்க என்று சொல்லிவிட்டால்? இரண்டுமே இருந்துவிட்டால்?  கையுறையைக் கழற்றவே வெகு நேரம் ஆனது.

வெளியே பாய்லர் சத்தம் கேட்காத மூலையாகப் பார்த்துப் போய், போன் போட்டான். அவள் சாப்பிடுகிற வேளைதான். "ஏனுங், இந்த நேரத்துல?" என்றாள். பேசினால் அவளுக்கு மூச்சு வாங்கியது. "சாப்ட்டியா?" "இப்பத்தானுங் தட்டு எடுத்து வெச்சேன். பால் கலக்கியாச்சு, ஆறட்டும்னு இருக்கறேன்." "அதைக் கீழ ஊத்திரு." "ஏனுங், பால் திரிஞ்சிருக்குமா?" "ஊத்திரு அம்மிணி. கேப்சூல எடு. திறந்து, அந்த மணிய நுணுக்காம அப்படியே ஒரு வாய்ச் சோத்துல வெச்சு, மெல்லாம முழுங்கு. மொதல்ல டிராயர்ல அந்தச் சின்ன மாத்திரை கெடக்குது பாரு, நான் நிறுத்தச் சொன்னது, அதப் போட்டுக்க. எலுமிச்சம்பழம் வேண்டாம்." அவள் ஒன்றும் புரியாமல் உம் கொட்டினாள். அவன் சொன்னான். கேன் மாறியதைச் சொன்னான், புளிப்பைச் சொன்னான், பூச்சைச் சொன்னான், கரண்டியைச் சொன்னான்.  "இத்தனை நாளும் நான் உனக்குச் செத்த மருந்தக் குடுத்திருக்கறேன் கருணா. தெரிஞ்ச வேலைன்னு நெனச்சுக் குடுத்துட்டேன்."  போனில் பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடுவது கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

"அப்ப," என்றாள் கருணாம்பிகை, மெதுவாக, ஒரு ஆற்றில் காலை வைத்துப் பார்க்கிற மாதிரி, "அந்த வியாதி எனக்கு இல்லீங்களா?" முதல் தடவையாக அவர்களுக்கு நடுவில் அந்தப் பேச்சு வந்தது. "தெரியலை அம்மிணி. நாளைக்கு எல்லாத்தையும் டாக்டர்கிட்ட ஒப்பிச்சுடறேன். அவர் பார்த்துச் சொல்லட்டும். ஆனா இல்லாமப் போகலாம். இல்லாமப் போறதுக்கு நெறைய எடமிருக்குது." மிக்ஸி நின்றது. "போன வாரம் தாரணி வந்திருந்தாளல்லங்," என்றாள். "எம் பட்டுச் சேலையெல்லாம் அவகிட்டக் குடுத்து அனுப்பிட்டேன். இப்ப எனக்கு லூசாக் கெடக்குது, நீ கட்டுன்னு சொன்னேன். அவளும் நம்பிட்டா." அவளே தொடர்ந்தாள். "கூறைச் சேலைய மட்டும் குடுக்கலீங். உங்களுக்குப் பொட்டியில எது எங்க இருக்குதுன்னு தெரியாது, அந்த நேரத்துல யாராவது கேட்டா நீங்க தடுமாறிட்டு நிப்பீங்க. அதனால அதை மடிச்சு மேலாக வெச்சிருந்தேன்." சுமங்கலியாகச் சாகிறவளுக்குக் கல்யாணத்தில் கட்டிய கூறைச் சேலையைத்தான் போர்த்தி எடுப்பார்கள். அதைத் தானே எடுத்து, தானே மடித்து, இவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, சாயங்காலம் இவனுக்குத் தோசை வார்த்துப் போட்டிருக்கிறாள். "ஏனுங், கேக்குதா?" என்றாள். "அந்தச் சேலையத் திருப்பி அடியில வெச்சிரட்டுமாங்?"

"வெய்யி," என்றான் சென்னியப்பன். "நல்லா அடியில வெய்யி."